பிரேக் பிடிச்சா 'டக்': முன்பக்க ஆட்டம் எங்கிருந்து வருது?

முதல்ல ஒரு சத்தத்தைக் கேளுங்க.

(ஒலிப்பதிவு: வண்டி மெதுவாக வருகிறது. பிரேக். 'டக்'.)

கேட்டுச்சா? ஹெட்ஃபோன் போட்டிருந்தா கேட்டிருக்கும். பஸ்ஸுல நின்னுக்கிட்டு கேட்கறவங்களுக்குக் கஷ்டம்தான். மறுபடி போட மாட்டேன். இந்தச் சத்தத்தோட நான் ஆறு மாசம் வண்டி ஓட்டியிருக்கேன், எனக்கே அலுத்துப்போச்சு.

என் வண்டி ஒரு 125 சிசி கம்யூட்டர், முன்னாடி டிஸ்க் பிரேக். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. எந்த கம்பெனின்னு சொல்லப்போறதில்லை, ஏன்னா இந்தப் பிரச்சினை எந்த கம்பெனி வண்டியிலயும் வரும். ஸ்பீட் பிரேக்கர்ல இறங்கும்போது ஒரு 'டக்'. சிக்னல்ல முன் பிரேக் பிடிச்சு நிக்கும்போது ஒரு 'டக்'. அவ்வளவுதான். வண்டி ஓடுது, மைலேஜ் கொடுக்குது, ஆபீஸ் போய் வருது. பழைய வண்டின்னா நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும்னு விட்டுட்டேன்.

ஒருநாள் என் தங்கச்சி வண்டியை எடுத்துட்டுப் போனா. வேளச்சேரியிலிருந்து தரமணி வரைக்கும்தான், பக்கம். திரும்பி வந்து சாவியை டேபிள்ல வெச்சுட்டுச் சொன்னா: "அண்ணா, இதை எப்படி ஓட்டறே? பிரேக் பிடிச்சா ஹேண்டில் கையில நிக்க மாட்டேங்குது." எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்துச்சு. உனக்கு ஓட்டத் தெரியலைன்னு சொல்லிட்டேன். ராத்திரி படுத்தப்புறம்தான் யோசிச்சேன். ஆட்டம் ஒரே நாள்ல வர்றதில்லை. தினமும் துளித்துளியா வருது, நம்ம கையும் தினமும் துளித்துளியா அதுக்கு ஏத்த மாதிரி பிடிச்சுக்குது. அதனால ஓட்டறவனுக்குத்தான் கடைசியா தெரியும். புதுசா ஏறினவளுக்கு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு.

சரி, ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதல் இடத்துல "முன்னாடி ஷாக்குல சத்தம்"னு சொன்னேன். இதுவே என் முதல் தப்பு. என்ன நடக்குதுன்னு சொல்லாம, என்ன கெட்டுப்போச்சுன்னு நானே முடிவு பண்ணிச் சொல்லிட்டேன். அவங்களும் அதையே பிடிச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் ஆயில் சீல் மாத்தி, ஃபோர்க் ஆயில் மாத்தி, பில் கொடுத்தாங்க. வெளிய வந்து முதல் ஸ்பீட் பிரேக்கர். 'டக்'.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடறேன். ஆயில் சீல்ங்கறது ஆயில் வெளிய வராம, தூசி உள்ள போகாம தடுக்கற ரப்பர் வளையம். அவ்வளவுதான் அதோட வேலை. ஃபோர்க்கை ஆடாம பிடிச்சு வெச்சுக்கறது அதோட வேலை இல்லை. குழாய்ல எண்ணெய் வழிஞ்சிருந்தா சீல் மாத்தணும், சரி. ஆனா ஆட்டத்துக்கு சீல் மாத்தறது, ஜன்னல் கதவு ஆடுதுன்னு கண்ணாடியை மாத்தற மாதிரி.

ரெண்டாவது இடத்துல, ஒருத்தர் ஹேண்டிலை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துட்டு, "கோன் லூசு தம்பி"ன்னார். சரியாத்தான் சொன்னார். ஒரு நட்டை நல்லா இறுக்கினார். பத்து நிமிஷ வேலை. சத்தம் சுத்தமா நின்னுபோச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா இந்த எபிசோடு செய்யணும்னு தோணினதே அதுக்கு அடுத்து நடந்ததாலதான்.

மறுநாள் காலையில விஜயநகர் பக்கம் டிராஃபிக். எல்லாரும் ஊர்ந்துக்கிட்டுப் போறோம். வண்டி நேரா போக மாட்டேங்குது. இடப்பக்கம் லேசா சாயுது, நான் வலப்பக்கம் திருப்பறேன், அது கூடுதலா திரும்பிடுது, மறுபடி இந்தப் பக்கம். குடிச்சுட்டு ஓட்டறவன் மாதிரி இருந்துச்சு. பக்கத்துல ஒரு ஷேர் ஆட்டோ, அதோட கம்பி என் ஹேண்டில் முனையை உரசிட்டுப் போச்சு. ஆட்டோக்காரர் திட்டினதை இங்க சொல்ல முடியாது. காலை ஊனி நின்னுட்டேன். கை நடுங்குச்சு. லூசா இருந்த ஆறு மாசத்துல ஒருதடவைகூட எனக்கு இப்படி ஆனதில்லை.

என்ன நடந்துச்சுன்னு புரியணும்னா, உள்ள என்ன இருக்குன்னு ஒரு நிமிஷம் பார்த்துடலாம்.

வாடகை சைக்கிள் ஓட்டின தலைமுறைக்கு இது சுலபமா புரியும். சைக்கிள் கடையில கப்பு, கோன், பால்ஸ்னு மூணு வார்த்தை கேட்டிருப்போம் இல்லையா? பைக்குலயும் அதேதான், அளவு மட்டும் பெருசு. உங்க ஹேண்டிலுக்குக் கீழ ஒரு மேல் தட்டு இருக்கு. ஹெட்லைட்டுக்குப் பின்னாடி, இன்னும் கீழ, ஒரு கீழ் தட்டு இருக்கு. ரெண்டு ஃபோர்க் குழாயும் இந்த ரெண்டு தட்டுலயும் மாட்டியிருக்கு. கீழ் தட்டுல இருந்து ஒரு தண்டு மேல எழும்பி, வண்டி ஃப்ரேமோட கழுத்துக் குழாய் வழியாப் போய், மேல நட்டுல முடியுது. அந்தக் கழுத்துக் குழாயோட மேல் வாயில ஒரு பேரிங், கீழ் வாயில ஒரு பேரிங். பல கம்யூட்டர் வண்டிகள்ல இது கிண்ணத்துல வரிசையா வெச்ச இரும்பு குண்டுகள். சில வண்டிகள்ல குண்டுக்குப் பதிலா டேப்பர் ரோலர் இருக்கும். கடையில எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பேரு: கோன் செட்.

பிரேக் பிடிக்கும்போது ரோடு சக்கரத்தைப் பின்னாடி தள்ளுது, வண்டியோட கனம் முன்னாடி வந்து விழுது. இந்த இழுபறி முழுக்க அந்தத் தண்டு வழியாத்தான் ஃப்ரேமுக்குப் போகுது. கோன்ல இடைவெளி இருந்தா தண்டு அங்க சாய்ஞ்சு முட்டும். அதுதான் 'டக்'. அப்படி முட்டிக்கிட்டே இருந்தா குண்டு ஒவ்வொண்ணும் கிண்ணத்துல சுத்தியல் மாதிரி அடிக்கும். நாம பெரும்பாலும் நேராத்தானே ஓட்டறோம்? அதனால குண்டுங்க அதே இடத்துல நின்னு அடிச்சு அடிச்சு, கிண்ணத்துல சின்னச் சின்னக் குழி விழுந்துடும். அதுக்கப்புறம் ஹேண்டில் நடுவுக்கு வந்ததும் அந்தக் குழியில போய் உட்கார்ந்துக்கும்.

இப்ப ரெண்டாவது மெக்கானிக் செஞ்சதை யோசிச்சுப் பாருங்க. குழி விழுந்த கிண்ணம், அதுல குண்டு உட்கார்ந்திருக்கு, மேல இருந்து நட்டை இறுக்கிட்டார். இடைவெளி போச்சு, சத்தமும் போச்சு. ஆனா ஹேண்டில் சுதந்திரமா திரும்பாது. ரெண்டு சக்கர வண்டி மெதுவாப் போகும்போது விழாம இருக்கறதே, சக்கரம் நொடிக்கு நொடி துளித்துளியா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிக்கறதாலதான். பாதி அதுவாத் திரும்பும், பாதி நமக்கே தெரியாம நம்ம கை திருப்பும். அந்தச் சின்னத் திரும்பலை இறுக்கமான கோன் பிடிச்சுக்குது. அப்புறம் நாம பலமாத் திருப்பறோம், அது அளவுக்கு மேல திரும்புது. லூசு கோன் சத்தம் போட்டு எச்சரிக்கையாவது கொடுக்கும். டைட்டு கோன் சத்தமே போடாது.

மூணாவதா போனது எங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கற ஒரு அண்ணன்கிட்ட. முன்னாடி சைக்கிள் கடை வெச்சிருந்தவர், இப்ப டூவீலர். எந்த ஸ்பேனரையும் எடுக்கறதுக்கு முன்னாடி அவர் என்னை வேலை வாங்கினார். "தம்பி, சென்டர் ஸ்டாண்ட் போட்டுட்டு பின்னாடி உட்காரு." நான் உட்கார்ந்ததும் முன் சக்கரம் தரையை விட்டு எழும்புச்சு. இந்தச் சோதனையை நீங்க வீட்டு வாசல்லயே செய்யலாம், ஒரு ஆள் துணைக்கு இருந்தா போதும். சில வண்டிக்குப் பின்னாடி ஆள் உட்கார்ந்தாலும் முன்பக்கம் எழும்பாது. அப்ப இன்ஜினுக்கு அடியில உறுதியா ஒரு மரக்கட்டை கொடுங்க, சைலன்சர் குழாய்ல முட்டுக்கொடுக்காதீங்க. சென்டர் ஸ்டாண்டே இல்லாத வண்டின்னா இதை ஒர்க்‌ஷாப் ஸ்டாண்ட்ல செய்யறதுதான் பாதுகாப்பு.

அவர் முன்னாடி குந்தி உட்கார்ந்து, ரெண்டு ஃபோர்க்கோட அடிப்பகுதியையும், அதாவது ஆக்ஸிலுக்குப் பக்கத்துல, ரெண்டு கையால பிடிச்சு முன்னும் பின்னுமா ஆட்டினார். 'டக், டக்'. இது கொஞ்சம்தான், நட்டை இறுக்கி வெச்சிருந்ததால. அப்புறம் என்னை வரச் சொல்லி, என் விரலைப் பிடிச்சு கீழ் தட்டும் ஃப்ரேம் கழுத்தும் சேர்ற இடுக்குல வெச்சார். பாதி விரல் தட்டு மேல, பாதி விரல் ஃப்ரேம் மேல. "இப்ப ஆட்டறேன், என்ன தெரியுது?" விரலுக்கு அடியில ரெண்டு இரும்பும் தனித்தனியா நகர்றது தெரிஞ்சுச்சு. மயிரிழை அளவுதான். கண்ணுக்குத் தெரியல, விரலுக்குத் தெரிஞ்சுச்சு.

அவர்கிட்ட நான் கத்துக்கிட்டது இந்த ஒரு வித்தைதான், மீதி எல்லாம் இதுலயே அடங்கியிருக்கு. சத்தம் இரும்பு வழியா எங்க வேணா பயணம் பண்ணும். கீழ அடிக்கறது மேல அடிக்கற மாதிரி கேட்கும். ஆட்டம் அப்படிப் பயணம் பண்ணாது, எந்த ரெண்டு உறுப்பு தனித்தனியா நகருதோ அங்கதான் இருக்கும். அதனால காதை நம்பாம, சேர்ற இடம் ஒவ்வொண்ணுலயும் விரலை வைக்கணும்.

கழுத்துல ஆட்டம் இல்லையா? அடுத்து ஃபோர்க்குக்கு வாங்க. பளபளன்னு இருக்கற உள் குழாய், அடியில இருக்கற தடிச்ச வெளிக் குழாய்க்குள்ள நுழையற இடத்துல விரலை வெச்சு, அதே மாதிரி ஆட்டச் சொல்லுங்க. அங்க ஆட்டம்னா புஷ் தேய்ஞ்சிருக்கு. பெரிய வண்டிகள்ல புஷ்ஷைத் தனியா மாத்தலாம். சில சின்ன வண்டிகள்ல தனி புஷ்ஷே கிடையாது, குழாய் நேரா அலுமினியத்துல உரசி ஓடும். அது தேய்ஞ்சா அந்த வெளிக் குழாயையே மாத்தணும், செலவுதான். ஒரு எச்சரிக்கை: புது வண்டியிலயும் இங்க துளி ஆட்டம் இருக்கும், அது இல்லாம குழாய் ஏறி இறங்க முடியாது. ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க. முடிஞ்சா நண்பனோட அதே மாடல் வண்டியில ஒருதடவை ஆட்டிப் பாருங்க. அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க.

அடுத்தது சக்கரம். இதை முன்னும் பின்னும் இல்லை, பக்கவாட்டுல ஆட்டணும். டயரோட உச்சியில ஒரு கை, அடியில ஒரு கை. ஃபோர்க் அசையாம சக்கரம் மட்டும் ஆடினா வீல் பேரிங், இல்லைன்னா ஆக்ஸில் நட் லூசு. முதல்ல நட்டைப் பாருங்க. பேரிங் மாத்தின பிறகு நட் லூசா இருந்துச்சுன்னு தெரிஞ்சா வயிறு எரியும்.

கடைசியா பிரேக். இதுலதான் நிறைய பேர் ஏமாந்துபோறாங்க. இன்டர்நெட்ல எங்க தேடினாலும் ஒரே சோதனைதான் சொல்றாங்க: முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளு, 'டக்'னு கேட்டா கோன். அது தப்பு இல்லை, ஆனா முழுசும் இல்லை. பிரேக்கைப் பிடிச்ச உடனே பிரேக்கோட ஆட்டமும் அதுல சேர்ந்துக்குது. டிஸ்க் வண்டியில பேட் காலிபருக்குள்ள கொஞ்சம் நகரும். டிரம் வண்டியில பிரேக் பிளேட்டைச் சுத்தவிடாம ஃபோர்க்ல ஒரு முட்டு இருக்கும், அந்த இடம் தேய்ஞ்சிருந்தா பிரேக் பிடிக்கறப்ப அச்சு அசலா இதே 'டக்'தான். அதனாலதான் அண்ணன் பிரேக்கைத் தொடாம, அடியில பிடிச்சு ஆட்டினார். பிரேக் இல்லாம ஆட்டினா ஆட்டம் இல்லை, பிரேக் பிடிச்சா மட்டும் இருக்குன்னா, கோனை விட்டுட்டு பிரேக்கைப் பாருங்க.

இன்னொரு சோதனை, விரல்கூட வேண்டாம். சக்கரம் தூக்கின நிலையிலயே ஹேண்டிலை ஒரே ஒரு விரலால, ரொம்ப மெதுவா, இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் திருப்புங்க. வெண்ணெய் மாதிரி போகணும். நடுவுல வந்ததும் ஒரு பள்ளத்துல விழுந்த மாதிரி நின்னா கிண்ணத்துல குழி விழுந்துடுச்சுன்னு அர்த்தம். என் வண்டி அப்படித்தான் நின்னுச்சு. குழி விழுந்த கோனை இறுக்கிச் சரிபண்ணவே முடியாது. நடுவுக்குச் சரியா இறுக்கினா ரெண்டு ஓரத்துலயும் இறுகும். ஓரத்துக்குச் சரியா வெச்சா நடுவுல லூசு. மாத்தித்தான் ஆகணும்.

அண்ணன் பிரிச்சார். மேல் கிண்ணம் சுமார். கீழ் கிண்ணத்தைப் பார்த்ததும் என்னைக் கேட்டார், "வண்டி தண்ணியில நின்னுச்சா?" அப்பதான் எனக்கு உறைச்சுது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல வண்டி ஹெட்லைட்டுக்குக் கொஞ்சம் கீழவரை தண்ணியில ரெண்டு நாள் நின்னுச்சு. தண்ணி வடிஞ்சதும் எல்லாரும் செஞ்சதைத்தான் நானும் செஞ்சேன்: இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். வண்டி ஸ்டார்ட் ஆச்சு, கும்பிட்டுட்டு எடுத்துட்டு வந்துட்டேன். கீழ் கோன் தண்ணிக்குள்ள இருந்ததை நானும் நினைக்கல, பார்த்தவங்களும் நினைக்கல. கிரீஸ் கரைஞ்சு, மீதி துருவோட சேர்ந்து காப்பிப்பொடி மாதிரி ஆகியிருந்துச்சு. சென்னைக்கு வெள்ளம் புதுசு இல்லை. உங்க வண்டி தண்ணியில நின்னிருந்தா கோனையும் ரெண்டு வீல் பேரிங்கையும் ஒருதடவை திறந்து பார்க்கச் சொல்லுங்க. வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் கன்னை நேரா ஹேண்டில் கழுத்துல அடிக்கறாங்க பாருங்க, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா இதே வேலையைத்தான் செய்யும்.

மாத்தற வேலையை நான் பக்கத்துல நின்னுதான் பார்த்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கன்னுதான் சொல்லுவேன். பழைய கிண்ணத்தை நீளக் கம்பி விட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு அந்தப் பக்கம் ஒரு தட்டுன்னு மாத்தி மாத்தித் தட்டி எடுக்கணும். புதுசைத் துளியும் கோணாம இறக்கணும். ஒரு பக்கமாவே அடிச்சா கிண்ணம் சாய்ஞ்சு உட்காரும், அடுத்த வருஷம் இதே கதை. குண்டுங்களை கிரீஸ்ல ஒட்டவெச்சு எண்ணி வைக்கணும். எத்தனைன்னு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும். ஒண்ணு தரையில உருண்டு ஓடிப்போய், நாங்க ரெண்டு பேரும் செருப்புக்கு அடியில எல்லாம் தேடினோம். பொருள் சில நூறு ரூபாய்தான், கூலிதான் அதிகம். அது நியாயம்.

ஆனா இறுக்கற வேலை, அதாவது குழி விழாத, லேசா லூசான கோனை அட்ஜஸ்ட் பண்றது, பொறுமை இருந்தா நீங்களே செய்யலாம். ஒரு கொக்கி ஸ்பேனர் வேணும். உளியையும் சுத்தியலையும் வெச்சு நட்டைத் தட்டறவங்களைப் பார்த்திருப்பீங்க. அப்படித் தட்டித் தட்டி என் வண்டி நட்டோட பல்லெல்லாம் மழுங்கிப்போயிருந்துச்சு. முதல்ல மேல இருக்கற பெரிய நட்டைத் தளர்த்துங்க. அடுத்து, மேல் தட்டு ஃபோர்க் குழாயைப் பிடிச்சிருக்கற போல்ட்டுகளையும் தளர்த்துங்க. இதை மறந்துடுவாங்க. அதைத் தளர்த்தலைன்னா மேல் தட்டு இறங்க முடியாம நிக்கும், நீங்க இறுக்கினது கோனுக்குச் சரியாப் போய்ச் சேராது. அப்புறம் அடியில இருக்கற பள்ளம் வெட்டின நட்டைக் கொஞ்சமா இறுக்கி, ஹேண்டிலை அஞ்சாறு தடவை முனைக்கு முனை திருப்பி, குண்டுங்க உட்கார்ந்தப்புறம் துளி தளர்த்துங்க. எவ்வளவு துளின்னு கேட்டா, கால்பங்கு சுத்துலயும் சின்னது. உங்க மேனுவல்ல டார்க் அளவு கொடுத்திருந்தா அதுதான் வேதம்.

மேல் நட்டை இறுக்கினதும் மறுபடி சோதிக்கணும். ஏன்னா அந்த நட்டு இறுகும்போது கீழ இருக்கறதையும் சேர்த்து அழுத்தும். கீழ சரியா வெச்சது மேல இறுக்கினதும் டைட்டா மாறிடும். அண்ணனே மூணு தடவை திரும்பத் திரும்பச் செஞ்சார்.

சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்? ரெண்டு சோதனை, ரெண்டுலயும் ஒரே நேரத்துல பாஸ் ஆகணும். அடியில பிடிச்சு ஆட்டினா விரலுக்கு ஒண்ணும் தெரியக்கூடாது. சக்கரம் தூக்கின நிலையில ஹேண்டிலை நடுவுல வெச்சு, சும்மா ஒரு தட்டு தட்டினா, அது தன் கனத்துலயே ஓரத்துக்குப் போய் விழணும். இடப்பக்கமும் வலப்பக்கமும். கேபிளும் ஒயரும் கொஞ்சம் இழுக்கும், அதைக் கணக்குல வெச்சுக்குங்க, ஆனா பாதியில நிக்கக்கூடாது. ரெண்டாவது மெக்கானிக் முதல் சோதனையில பாஸ், அடுத்ததைப் பார்க்கவே இல்லை. நானும் கேட்கல. தளர்த்தின போல்ட் எல்லாத்தையும் திருப்பி இறுக்கினதையும், ஹேண்டில் முனையில திரும்பும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடலைன்னும் பார்த்துட்டுத்தான் ரோட்டுக்குப் போகணும். புது கோன் போட்டா சில நூறு கிலோமீட்டர் ஓடினப்புறம் லேசா இறங்கும், ஒருதடவை மறுபடி காட்டுங்க.

ஒரு கேள்வி வந்திருந்துச்சு, "வண்டி அலையுது, கோன் டைட்டான்னு எப்படி உறுதியாச் சொல்றது?" முதல்ல டயர்ல காத்து பாருங்க. காத்து இறங்கின முன் டயரும் அப்படியேதான் செய்யும். அதுக்கு வேண்டியது கோன் செட் இல்லை, பெட்ரோல் பங்க்.

சோதனை ஓட்டத்துக்கு வண்டியைத் தங்கச்சிகிட்டதான் கொடுத்தேன், என் கையை இப்ப நான் நம்பறதில்லை. தரமணி போயிட்டு வந்தா. சத்தமும் இல்லை, அலையலும் இல்லைன்னா. ஹாரன் மட்டும் சரியில்லைன்னு ஒரு புகார். அது கோன் வேலையில ஒயர் கழண்டது, அன்னிக்கே மாட்டிட்டோம்.

அடுத்த எபிசோடுல பின்பக்கம் போறோம்: ஸ்விங் ஆர்ம் புஷ். உங்க வண்டி திருப்பத்துல வால் ஆட்டுதுன்னா, எந்த வேகத்துல, எந்த மாதிரி ரோட்டுலன்னு சொல்லி வாய்ஸ் நோட் அனுப்புங்க. எது கெட்டுப்போச்சுன்னு சொல்ல வேண்டாம், என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. வரட்டுமா?